ஆணியிலிருந்து இறங்கிய புஷ்பம்

எங்கள் தோட்டத்தில் அழகமுத்து அண்ணன் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. துரையைச் சிங்களத்தில் ஏசுவார். கணக்கப்பிள்ளையைத் தமிழில் ஏசுவார். ரப்பர் மரம் பால் தராவிட்டால் அதை இரண்டு மொழியிலும் ஏசுவார். அவருடைய வாய் அடங்கும் ஒரே இடம் அவருடைய வீடு. அங்கே புஷ்பம் அக்கா இருந்தார். அக்கா செத்து மூன்று நாலு வருடம் ஆன பிறகும், வாசற்படியைத் தாண்டினால் அண்ணனுடைய சத்தம் பாதியாகிவிடும். ஏனென்றால் அக்கா சுவரில் இருந்தார்.

அண்ணன் பிறந்ததும் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில்தான், வளர்ந்ததும் அதில்தான். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்பு வரை போனார். அதற்கு மேல் வாத்தியாருக்கும் விருப்பமில்லை, அண்ணனுக்கும் விருப்பமில்லை. புல்லு வெட்டினார், பிறகு பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கத்திதான். சனிக்கிழமையில் கொஞ்சம் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமையில் அதற்காக வருந்தவும் மாட்டார். தெரணியகலைப் பக்கத்திலிருந்து புஷ்பம் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தார். அக்கா அதிகம் பேச மாட்டார். அண்ணன் ஊரைக் கூட்டும்படி கத்திக்கொண்டு வந்தால், அக்கா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். மைக் செட்டுக்குக் கரண்ட் போன மாதிரி இருக்கும்.

சீனி வியாதி அக்காவைக் கொண்டுபோனது. செத்த அவசரத்தில் படம் தேடியபோது கையில் கிடைத்தது அடையாள அட்டை ஒன்றுதான். அவிசாவளையில் ஒரு ஸ்டூடியோக்காரன் அதைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தியுடைய பட்டுச் சேலையையும் ஆரத்தையும் ஒட்டிக் கொடுத்தான். தலை அக்காவுடையது. உடம்பு யாருடையதென்று ஸ்டூடியோக்காரனுக்கே தெரியாது. செத்த பிறகாவது நகை போட்டுவிட்டாள் என்று அண்ணன் சொன்னதோடு சரி. வாசலுக்கு நேரே ஆணி அடித்து மாட்டினார்கள். எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு அப்படித்தான். ஒரு ஆணி, ஒரு பிளாஸ்டிக் மாலை, இராத்திரி பகல் எரிகிற ஒரு சிவப்புப் பல்ப்.

எங்கள் பக்கத்து மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அது பெய்து முடிக்கிற மழை இல்லை, குடியிருக்கிற மழை. செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும், பெல்டில் பிடிக்கும், சாமிக்கும் பிடிக்கும். அக்காவுடைய படத்தில் அது கீழே சேலைப் பக்கம் ஆரம்பித்தது. யாரோ ஒருத்தியுடைய சேலைதானே என்று அண்ணன் விட்டுவிட்டார். அது ஆரத்தைத் தாண்டி, தாடையைத் தாண்டி மேலே ஏறியது. மகன் பிரதாப் கத்தாரிலிருந்து லீவுக்கு வந்தபோது அம்மாவுக்கு வெள்ளைத் தாடி வளர்ந்திருந்தது. லீவு முடிந்து கிளம்புகிற நாளில் அவன் அழுதுகொண்டே கண்ணாடியைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்தான். மூக்கில் பாதி துணியோடு வந்துவிட்டது.

அப்பனும் மகனும் அன்றைக்குப் போட்ட சண்டையை நான் ரோட்டிலிருந்தே கேட்டேன். நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். அவனைப் பஸ்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தேன். அம்மாவை இப்படித்தான் வைத்திருப்பதா என்று கேட்டுக் கேட்டு அழுதான். போகிற வழியிலேயே என்னிடம் சொன்னான், பூஞ்சணம் பிடிக்காத ஒரு படம் அனுப்புகிறேன் என்று.

அந்தப் படம் வந்து சேருமுன் சுப்பம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கதை இல்லாவிட்டால் இந்தக் கதையில் ஒன்றும் இல்லை.

சுப்பம்மா அக்கா எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில் பால் வெட்டுகிறவர். புருஷன் பழனிமுத்து செத்துப் பல வருடம். மகள் விஜயகலாவின் குடும்பத்தோடு ஒரே லயத்து அறையில், ஒரே காம்பராவில் இருந்தார். அதில் பிள்ளைகள் படுக்கவே இடம் பத்தாது. பால் நிறுக்கிற இடத்தில் இரண்டு டிவிசன்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் அண்ணன் தன்னுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். சுப்பம்மா அக்கா பின்னாலிருந்து ஒரு ஏச்சு ஏசினார். அண்ணன் திருப்பி ஏசினார். அக்கா அதற்கு மேல் ஏசினார். தோட்டத்தில் முதல் தடவையாக அழகமுத்து அண்ணன் பேச்சு இல்லாமல் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் அவர் ஷேவ் எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். வேலை நாளில் அண்ணன் ஷேவ் எடுத்தால் அதற்கு அர்த்தம் உண்டு என்று ஒரு தோட்டத்துக்கே தெரியும்.

இரண்டு பேருக்கும் அறுபதுக்குப் பக்கம். தாலி வேண்டாம், சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு வேண்டாம், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் போதும் என்று பேசிக்கொண்டார்கள். மகள் விஜயகலாவுக்குச் சம்மதம். காம்பராவில் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சம்மதம். அண்ணன் இந்த வயதில் பிடிவாதமாக ஒன்றைக் கேட்டார் என்றால் அது இதுதான். மழை நாளில் வேலை இருக்காது, வீட்டில் பேச ஆள் இருக்காது. ஏசுவதற்காவது ஒருத்தர் வேண்டுமே.

சுப்பம்மா அக்கா வீட்டைப் பார்க்க ஒரு தடவை வந்தார். வாசற்படியில் ஒரு காலை வைத்து, நிமிர்ந்து பார்த்தார். பாதி மூக்கோடு புஷ்பம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பால் நிறுக்கிற இடத்தில் அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"அந்தக்கா வாசலுக்கு நேரா நின்னுக்கிட்டு இருந்தா நான் எப்படிங்க உள்ள வர்றது? பைப்படியில என் கொடத்தக் கவுத்து விட்டவங்க. உசுரோட இருக்கப்பவே எனக்கு மொகங் குடுத்ததில்ல."

குடத்தைக் கவிழ்த்தது உண்மை. சுப்பம்மா அக்கா வரிசையில் புகுந்ததும் உண்மை.

அண்ணனால் படத்தை இறக்க முடியாது. மகன் விடமாட்டான். ஊர் வாயும் விடாது. அதெல்லாம் போகட்டும், அவருக்கே கை வரவில்லை. ஒருநாள் ஸ்டூலைப் போட்டு ஏறினாராம். ஏறி, மாலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டு இறங்கிவிட்டாராம்.

அந்த நேரத்தில்தான் லீவுக்கு வந்த ஒருவன் கையில் பிரதாப் அனுப்பிய பெட்டி வந்தது. டிஜிட்டல் போட்டோ பிரேம். பார்க்க ஒரு சின்ன டீவி மாதிரி இருக்கும். தெஹியோவிட்ட டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஸம்சுதீன் நானாவை நான்தான் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் ஜன்னல் கம்பி என்பதால், நானா தான் கொண்டுவந்த ரவுட்டரைச் சைக்கிள் டியூபால் கம்பியில் கட்டினார். பிறகு அண்ணனுக்கு விளக்கினார்.

"மகன் கத்தார்ல இருந்து போன்ல ஒரு தட்டு தட்டினா படம் இஞ்ச வந்து நிக்கும். நீங்க ஒண்ணும் செய்யத் தேவல்ல. செய்யவும் ஏலா."

யாரும் இல்லாவிட்டால் அது தானே அணையும், முன்னால் ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் என்றும் சொன்னார். அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பிளக்கை மட்டும்தான். நானா போன பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுத் தன்னுடைய திட்டத்தைச் சொன்னார். புஷ்பத்தை ஆணியிலிருந்து இறக்கிப் பெட்டிக்குள் போட்டுவிடுவது. மகனுக்கும் சந்தோஷம், ஊருக்கும் மரியாதை. சுப்பம்மா வருகிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுவது. இவ்வளவு புத்தியை அண்ணன் வாழ்க்கையில் வேறெதற்கும் செலவழித்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செத்தவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதற்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று அவருக்கு ஒரு பயம். மாரியம்மன் கோயில் பூசாரியைப் போய்க் கூப்பிட்டார். பூசாரியும் எங்களோடு பால் வெட்டுகிறவர்தான். ஆளை ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு மாற்றுகிற சாஸ்திரம் அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்ததில் இல்லை. தெரியாதென்று சொல்லிவிட்டுப் போக அவர் என்ன முட்டாளா? தேங்காயைக் கையில் எடுத்தார். பழைய படத்தைப் புதுப் பெட்டிக்கு நேரே பிடிக்கச் சொன்னார். கற்பூரம் ஏற்றி, அம்மா, இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு மாறிக்கோ என்று ராகமாகச் சொன்னார். தேங்காய் உடைந்தது. பெட்டியில் அந்த நேரம் நின்றது புஷ்பம் அக்கா இல்லை. பிரதாப். நீச்சல் தடாகத்தில் ஜட்டியோடு நின்றுகொண்டிருந்தான். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு வைத்த சந்தனப் பொட்டு அவனுடைய தொப்புளில் விழுந்தது.

பழைய படத்தை ஆற்றில் விட்டுவிட்டு வந்து பார்த்தால் பெட்டி அணைந்திருந்தது. அண்ணன் பதறினார். பூசாரி பதறவில்லை. செத்தவர்களுக்கும் தூக்கம் வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டார்.

"பிளக்க மட்டும் புடுங்கிறாதீங்க. குடி வச்சாச்சு. புடுங்கினா வீட்ட விட்டுத் தொரத்தின மாதிரி."

"எந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்கு?"

"தேங்கா ஒடச்சாச்சுல்ல."

இதற்கு மேல் வாதாட எங்கள் தோட்டத்தில் எந்த ஆம்பளைக்கும் தைரியம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் பளிச்சென்று புஷ்பம் அக்கா. தண்ணீர் குடிக்க எழுந்தால் அக்கா. உயிரோடு இருந்த காலத்தில்கூட இவர் வருகிறார் என்று அக்கா ஒரு தடவை எழுந்ததில்லை. இப்போது இவர் தும்மினாலும் எழுந்துவிடுகிறார். உயரமான படம் வந்தால் பெட்டி தலையோடு வெட்டிவிடும். ஒட்டகத்தின் மேல் ஏறியிருந்த பிரதாப்பின் முழங்கால் வரைக்கும்தான் தெரியும், ஒட்டகம் முழுசாகத் தெரியும். மாசக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிட்டால் புதுப் படம் வராது. கரண்ட் போய் வந்தால் என்ன பாஷை வேண்டும் என்று கேட்கும். அண்ணன் கோபத்தில் கண்டதை அமத்தி, புஷ்பம் அக்கா ஒரு வாரம் சீனாவில் இருந்தார். பெட்டியின் சூட்டுக்கு எறும்பு குடிவந்தது. ஒரு எறும்பு கண்ணாடிக்கு உள்ளேயே போய்ச் செத்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் அவர்களுடைய இடது பக்கத்தில் ஒரு மச்சம்.

ஆனால் அதில் நல்லதே இல்லை என்று சொன்னால் அது பொய். பிரதாப் தன்னுடைய பழைய போனிலிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும் அம்மாவின் படங்களைத் தேடித் தேடிப் போட்டான். சொந்த உடம்போடு, சொந்தச் சேலையோடு. ஆட்டைத் துரத்துகிற புஷ்பம் அக்கா. கல்யாண வீட்டில் வெற்றிலை போட்டு வாய் கோணலாகச் சிரிக்கிற அக்கா. அண்ணன் அந்தச் சிரிப்பைக் காட்டி, இது எப்போது எடுத்தது, நான் பார்த்ததே இல்லையே என்று என்னிடம் கேட்டார். மகன் என்ன சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான் என்பதும் தெரிந்தது. முன்பெல்லாம் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவார். இப்போது, அந்தக் கோழியை அப்படிக் கருக விட்டது யார் என்று கேட்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது.

சுப்பம்மா அக்கா ஒரு பின்னேரம் பலாக்கொட்டையைத் துணியில் கட்டிக்கொண்டு என்னுடைய த்ரீவீலில் வந்தார். சுவரில் படம் இல்லை என்று கேள்விப்பட்டு வந்தவர். அண்ணன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிளக்கைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று அவருடைய கண் அங்கும் இங்கும் ஓடியது. சுப்பம்மா அக்கா படியில் கால் வைத்தார். பெட்டி எரிந்தது. புஷ்பம் அக்கா, ஆட்டைத் துரத்துகிற கம்போடு.

போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் திரும்பவில்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். படங்கள் மாறி மாறி வந்தன. வெற்றிலைச் சிரிப்பு வந்தபோது கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிரிச்சா நல்லாத்தான் இருக்காங்க," என்றார். "எங்கிட்டதான் சிரிக்கல."

அண்ணன் எங்கள் எல்லோருக்கும் பிளேன்டீ போட்டார். அதில் சீனியை இரண்டு தடவை போட்டார் என்பதிலிருந்து அவருடைய நிலைமை தெரிந்தது. சுப்பம்மா அக்கா அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். அது இந்த அக்காவைப் பற்றியது இல்லை.

"நான் இங்க வந்துட்டா எங்க வீட்டுக்காரரு எங்க இருப்பாரு?"

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். சுப்பம்மா அக்கா மெதுவாக விளக்கினார். மகளுடைய காம்பராவில் பழனிமுத்துவின் படம் இவருடைய தலைமாட்டில் தொங்குகிறது. இவர் கிளம்பிவிட்டால் அந்த இடத்தில் மருமகன் டீவியை மாட்டப் போகிறானாம். ஒரு ஆம்பளை வீட்டுச் சுவரில் இன்னொரு ஆம்பளைக்கு ஆணி அடிக்கச் சொல்லிக் கேட்க இவருக்கும் வாய் வரவில்லை. இத்தனை நாள் வாசற்படியிலேயே நின்றதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

"அவர நடுத்தெருவுல விட்டுட்டு நான் வந்து சொகமா ஒக்காந்துக்க முடியாதுங்க. இந்தப் பொட்டியிலதான் எத்தன பேர் வேணும்னாலும் வர்றாங்களே. அவருக்கும் ஒரு எடம் குடுத்தா நான் வர்றேன்."

சொல்லிவிட்டு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். அதில் பழனிமுத்துதான் காமன். ஜிகினாக் கிரீடம், கன்னத்தில் ரோஸ் பவுடர், கையில் கரும்பு வில்லு, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நின்றார். செத்துப் போன மனிதனைக் குறை சொல்லக்கூடாது, ஆள் அழகுதான். அண்ணன் படத்தைப் பார்த்தார். நரைத்த தன்னுடைய நெஞ்சைப் பார்த்தார். வேறு படம் கிடையாதா என்று கேட்டார்.

"ஐடென்டி கார்டு இருக்கு. அதுல களவெடுத்துட்டு நிக்கிற மாதிரி இருப்பாரு."

அண்ணன் காமனையே வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாளே ஸம்சுதீன் நானாவின் கடைக்குப் போனோம். நானா படத்தைப் போனில் பிடித்து அண்ணனுக்கு அனுப்பிக் கொடுத்தார். அதற்கு மேல் கையை விரித்துவிட்டார். பெட்டி மகனுடைய போனோடு கட்டியிருக்கிறது, அவர் விட்டால்தான் ஒரு படம் உள்ளே போகும், மகனிடம் சொல்லுங்கள் என்றார். அண்ணன் கடைக்கு வெளியே வந்து த்ரீவீலில் உட்கார்ந்தார்.

மகனுக்கு இந்த விஷயம் ஒன்றுமே தெரியாது. அம்மாவின் மூக்குப் போனதற்கே அப்படி அழுத பிள்ளை. அவனிடம் போய் இன்னொருத்தி வீட்டுக்கு வருகிறாள் என்று சொல்ல வேண்டும். சொல்வதோடு முடிகிறதா, அவளுடைய புருஷனையும் அம்மா இருக்கிற பெட்டிக்குள் விடு என்று கேட்க வேண்டும். துரையின் ஜீப்பை மறித்துச் சண்டை பிடித்த மனிதர் மகனுக்கு மூன்று தடவை போன் எடுத்தார். மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார். நீ சொல்லேன் என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன பைத்தியமா?

கடைசியில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பிரதாப்பின் குரல் வந்தது. யாருப்பா இது, எந்தக் கோயில் சாமி என்று கேட்டிருந்தான். சாமிதான் என்று சொல்லிவிட்டால் என்ன என்ற யோசனை அண்ணனுடைய முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் பேசுகிற அந்தப் பாதிச் சத்தத்தில் பேசினார்.

"சாமி இல்ல பிரதாப்பு. மேல்டிவிசன் சுப்பம்மாவோட வீட்டுக்காரரு, செத்துப்போன பழனிமுத்து. சுப்பம்மாவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். நான்தான் கூப்பிட்டேன், அது மேல தப்பு இல்ல. அவர விட்டுட்டு வரமாட்டேங்குது. அவரையும் பொட்டியில போட்டு விடு. அம்மா இருக்க எடத்துலதான் இருப்பா. யாரும் எறக்க மாட்டாங்க."

இரண்டு கோடும் நீலமானது. பதில் வரவில்லை.

பதில் பெட்டியில் வந்தது. அன்றைக்குப் பின்னேரமே பிரதாப்பின் படங்கள் ஒன்றுகூட இல்லை. ஒட்டகம் இல்லை, கோழி இல்லை. எல்லாம் அம்மா. ஒன்று மாறி இன்னொன்று வந்தால் அதுவும் அம்மா. பிரதாப்பை இடுப்பில் வைத்திருக்கிற அம்மா. டவுனில் குடை பிடித்து நிற்கிற அம்மா. அடையாள அட்டை அம்மா. மறுநாள் பார்த்தால் அம்மாக்கள் இன்னும் கூடியிருந்தார்கள். மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் பால் வெட்டு இல்லை. அண்ணன் கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரி பாயில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தார். சுப்பம்மா அக்காவும் வரவில்லை. மருமகன் ஆணியைச் சுற்றி அளவெடுக்க ஆரம்பித்துவிட்டான் என்று மட்டும் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பூசாரி ஒரு பூசாரியா, பிளக்கைப் பிடுங்கி எறியுங்கள், நாலு நாள் நிம்மதியாக இருங்கள் என்று சொன்னேன். அண்ணன் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"அவன் பேசிக்கிட்டு இருக்கான்டா. நடுவுல எப்படிப் புடுங்குறது? பேசி முடிக்கட்டும்."

அவன் பேசி முடிக்க அந்த வாரம் முழுதும் ஆனது. கடைசிப் பக்கமாக அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த படங்கள் வந்தன. அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பிறகு ஒரு படம் வந்தது. கட்டிலில் அக்கா. பக்கத்தில் ஸ்டூலில் அண்ணன். பிளாஸ்டிக் கோப்பையில் இருந்த டீயை வாய் குவித்து ஊதி ஆற்றிக்கொண்டிருக்கிறார். அக்கா அவர் ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மகன் அதை எப்போது எடுத்தான் என்று அண்ணனுக்குத் தெரியாது. அதுவரை வந்த எந்தப் படத்திலும் அவர் இல்லை. அண்ணன் எழுந்து வெளியே போய், மழையில் நின்று பீடி பற்றவைக்கப் பார்த்தார். மூன்று தீக்குச்சியும் நனைந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. அண்ணன் என்னுடைய வீட்டு வாசலில் வந்து நின்று, வா என்று மட்டும் சொன்னார். போனேன். கதவைத் திறந்ததும் பெட்டி எரிந்தது. புஷ்பம் அக்கா. அக்கா போய் பிரதாப் வந்தான், வேலைத் தொப்பியோடு, சிரிக்காமல். பிரதாப் போய்க் கொஞ்சம் இருட்டாகி, ஜிகினாக் கிரீடத்தோடும் கரும்பு வில்லோடும் பழனிமுத்து வந்து இடுப்பைச் சாய்த்து நின்றார். கிரீடத்தை வெட்டாமல் முழுசாகப் போட்டிருந்தான் பிள்ளை.

அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். பிரதாப்பின் குரல். பின்னால் எங்கோ லாரி ஓடுகிற சத்தம்.

"அப்பா, அந்த ஐயாவப் போட்டுட்டேன். அம்மாவுக்கு அடுத்தாப்புல போடல. நடுவுல நான் நிக்கிறேன். மாத்தச் சொல்லி யாரும் கேக்கக் கூடாது. அவங்ககிட்டயும் சொல்லிருங்க." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வேற யாராவது வர்றதுன்னா இப்பவே சொல்லிருங்க. எனக்கு டியூட்டி இருக்கு."

அண்ணன் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று போனை வாங்கிக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்கும்போது அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப் போகிறாரா சிரிக்கப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செய்யவில்லை. அலுமாரியைத் திறந்து கழுவி மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பழனிமுத்து இருக்கிற பக்கத்தை ஒரு தடவை முறைத்துப் பார்த்தார்.

"புருஷன் வந்து சேந்துட்டாரு. பொஞ்சாதியத்தான் இன்னும் கூட்டிக்கிட்டு வரல. வண்டிய எடு," என்றார்.